மானிட்டர் அணையாமல் இருக்க மவுஸ் ஜிக்லர் வாங்கலாமா? தக்கலை லேப் ஒன்றில் போட்டுப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு கம்ப்யூட்டரோ கடை கம்ப்யூட்டரோ, செட்டிங்கை மாற்றும் உரிமை உங்கள் கையில் இருந்தால் இந்தச் சாமானுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். விண்டோஸிலேயே முடிகிற காரியம். செட்டிங் பூட்டிக் கிடக்கிறது, பாஸ்வேர்டு வேறு யாரிடமோ இருக்கிறது, ஆனால் திரை அணையவே கூடாது என்கிற நிலைமை இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஐந்துக்கு இரண்டரை மார்க் கொடுப்பேன். காரணம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், ஏனென்றால் "மானிட்டர் பவர் சேவிங்ல போகுது" என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்வதற்குப் பின்னால் குறைந்தது மூன்று வேறு வேறு வியாதி இருக்கிறது, ஜிக்லர் அதில் ஒன்றுக்குத்தான் மருந்து.

சாமான் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய யுஎஸ்பி துண்டு. கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸ் இதை ஒரு சாதாரண மவுஸ் என்று எடுத்துக்கொள்கிறது. டிரைவர் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம். உள்ளே இருக்கிற சின்ன சிப், மவுஸ் நகர்ந்தது, மவுஸ் நகர்ந்தது என்று கம்ப்யூட்டருக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கீபோர்டையோ மவுஸையோ கடைசியாகத் தொட்டு எவ்வளவு நேரம் ஆச்சு என்று விண்டோஸ் உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. அது குறித்த நேரத்தைத் தாண்டினால் திரைக்குப் போகும் சிக்னலை நிறுத்திவிடும். ஜிக்லர் அந்தக் கணக்கைப் பூஜ்யத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் இதன் சூட்சுமம். மவுஸை மேலே தூக்கி வைக்கிற தட்டு மாதிரி இன்னொரு வகையும் விற்கிறார்கள், அடியில் ஒரு வட்டு சுழன்று மவுஸின் சென்சாரை ஏமாற்றும். அதை நான் தொட்டதில்லை, இங்கே பேசுவது யுஎஸ்பி துண்டைப் பற்றி மட்டும்.

தக்கலையில் எங்கள் அத்தான் ஒரு ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறார். அவர்தான் ஆன்லைனில் பார்த்து இதை வரவழைத்தார், ஐந்நூறு ரூபாய்க்குள் வந்தது. பெட்டியில் கம்பெனி பெயரே கிடையாது, உள்ளே ஒரு சின்னத் தாள், அதில் பாதி சீன எழுத்து, மீதி கோணல் ஆங்கிலம். "இதைக் கொஞ்சம் போட்டுத் தா மாப்ளே" என்று கூப்பிட்டார், போனேன்.

லேபின் நிலவரம் இது. ரிசப்ஷனில் ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்தே இன்னொரு மானிட்டருக்கு ஒயர் இழுத்து, உட்காருகிற ஹாலில் சுவரில் உயரமாக மாட்டியிருக்கிறார்கள். அதில் டோக்கன் நம்பர் ஓடும். காலையில் ஆறரைக்கே வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கிற கூட்டம் வந்துவிடும், அந்த நேரத்தில் திரை அணையாது, ஏனென்றால் ரிசப்ஷன் அக்கா பில் போட்டுக்கொண்டே இருப்பார், மவுஸ் ஓயாது. தொல்லை கூட்டம் குறைந்த பிறகுதான். அக்கா உள்ளே ரத்தம் எடுக்கப் போய்விடுவார், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் மட்டும் ஹாலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கம்ப்யூட்டரை யாரும் தொடுவதில்லை, பத்து நிமிடம் ஆனதும் திரை கறுப்பாகும். உடனே ஒரு பாட்டி எழுந்து வந்து கவுன்ட்டரில் கையை ஊன்றி, "மக்களே, அது அணைஞ்சு போச்சே, என் நம்பர் விளிச்சாச்சா?" என்று கேட்பார். அவருக்குப் பின்னாலேயே இன்னும் நாலு பேர்.

ஜிக்லரைச் செருகினோம். பத்து நிமிடத்தில் அணைகிற தொல்லை அப்படியே நின்றுபோனது. அந்த விஷயத்தில் சாமான் சொன்னதைச் செய்கிறது, குறை சொல்ல முடியாது.

ஆனால் கூடவே வந்த இம்சைகளைக் கேளுங்கள். இதில் ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் அசைவு மாறும்: ஒன்றில் அம்புக்குறி நன்றாகவே வட்டமடிக்கும், இன்னொன்றில் ஒரு புள்ளி அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும். பெட்டியிலிருந்து எடுத்ததும் வட்டமடிக்கிற மோடில்தான் இருந்தது. பில்லிங் சாஃப்ட்வேரில் டெஸ்ட் பெயர்களுக்கு முன்னால் குட்டிக் குட்டிக் கட்டங்கள் இருக்கும், டிக் அடிக்க வேண்டும். தைராய்டுக்குப் பக்கத்தில் கொழுப்பு, கொழுப்புக்குக் கீழே யூரியா. அக்கா கட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டு வைத்தால் அது வழுக்கிக்கொண்டு கீழே போகிறது. கொழுப்பு பார்க்க வேண்டியவருக்கு யூரியா பில் விழுந்தால் என்ன ஆகும்? ஒரு புள்ளி மோடுக்கு மாற்றிய பிறகு அந்த வழுக்கல் இல்லை. ஆனால் யாராவது அதைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் பழைய வட்டத்துக்கே போய்விடுகிறது, மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். தரையைத் துடைக்க வருகிற அம்மா கையில் ஒருமுறை பட்டுக் கழன்றாலே போதும்.

இன்னொன்று, இரண்டு மானிட்டர் இருக்கிற இடத்தில் அம்புக்குறி எந்தத் திரையில் நிற்கிறதோ அங்கேதான் ஆடும். அக்கா கடைசியாக டோக்கன் திரையில் எதையோ சரிசெய்துவிட்டு எழுந்து போயிருந்தால், ஹாலில் பெரிய நம்பருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அம்பு ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு அதைத் தவிர வேறு என்ன வேலை, எல்லாரும் அதையே பார்ப்பார்கள். நீல நிறத்தில் ஒரு விளக்கும் வைத்திருக்கிறார்கள், எதற்கென்று தெரியவில்லை, கண்ணில் குத்துகிறது. இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்தோம்.

சரி, இனி முக்கியமான விஷயம். ஜிக்லர் போட்ட பிறகும் ஹால் திரை தினமும் பத்தரை வாக்கில் அணைந்துகொண்டிருந்தது. ரிசப்ஷன் திரை நன்றாக எரிகிறது, ஜிக்லர் ஆடுகிறது, ஹாலில் மட்டும் கறுப்பு. அத்தான் சாமான் டூப்ளிகேட் என்று முடிவே கட்டிவிட்டார். இங்கேதான் யார் அணைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அணைக்க மூன்று பேரால் முடியும்: விண்டோஸ் அணைக்கலாம், மானிட்டரே தன்னை அணைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் நடுவில் கரண்டோ, ஒயரிலோ கம்ப்யூட்டருக்கு உள்ளேயோ சிக்னலோ அறுந்துபோகலாம். கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. மவுஸை அசைத்தால் படம் திரும்ப வருகிறதா, அப்படியானால் அணைத்தது விண்டோஸ். மவுஸுக்கு அசையவில்லை, மானிட்டரின் பட்டனை அழுத்தியதும் படம் பழையபடி வந்துவிடுகிறது என்றால் அணைத்தது மானிட்டர். இரண்டுக்கும் மசியாமல் "நோ சிக்னல்" என்று ஒரு கட்டம் காட்டிவிட்டு மறுபடி கறுப்பாகிறது என்றால் ஒயர், கனெக்டர், கிராபிக்ஸ், ராம் என்கிற மெமரி பலகை என்று தேடிப் போக வேண்டியதுதான்.

ஹால் மானிட்டரின் பட்டன் அடியில் பின்பக்கமாக இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறி, கையை வளைத்துத் தடவி அழுத்தினேன், படம் வந்துவிட்டது. ஆக இரண்டாவது ஆள். மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் ஆட்டோமேட்டிக் ஸ்டாண்ட்பை என்று ஒன்று, நான்கு மணி நேரம் என்று வைத்திருக்கிறது. காலை ஆறரைக்குப் போட்டால் பத்தரைக்கு அணையும், கணக்கு சரியாக வருகிறது. அதை ஆஃப் பண்ணியதும் அந்த அணைப்பும் ஒழிந்தது. இது ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பெயரில் இருக்கும்: ஆஃப் டைமர், ஆட்டோ பவர் ஆஃப், ஈகோ என்று. மானிட்டருக்குப் பதில் டிவியை மாட்டியிருந்தால் கட்டாயம் இதைத் தேடிப் பாருங்கள், பல டிவிகள் நான்கு மணி நேரம் ரிமோட்டை யாரும் தொடவில்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவு செய்து தானே அணைந்துகொள்ளும், எச்டிஎம்ஐயில் படம் ஓடிக்கொண்டிருந்தாலும்கூட. சிசிடிவி பெட்டியோடு இணைத்த திரை அடிக்கடி கறுப்பாகிறது என்கிறவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் சங்கதி, அந்தப் பெட்டி எப்போதும் சிக்னல் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். இதிலெல்லாம் ஜிக்லர் என்ன ஆட்டம் ஆடினாலும் மானிட்டருக்குத் தெரியாது, அது மவுஸையா பார்க்கிறது?

எச்டிஎம்ஐக்குப் பதில் டிஸ்ப்ளே போர்ட் ஒயர் போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சில மானிட்டர்களில் டீப் ஸ்லீப் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, திரை தூங்கப் போனால் ஒயரையே பிடுங்கிவிட்ட மாதிரி கம்ப்யூட்டருக்குத் தோன்றும். உடனே அந்தத் திரையில் இருந்த ஜன்னல்கள் எல்லாம் அடுத்த திரைக்குத் தாவிவிடும். டோக்கன் ஓட வேண்டிய பக்கம் பில்லிங் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப்பை ஆஃப் பண்ணுங்கள். விண்டோஸ் 11-ல் டிஸ்ப்ளே செட்டிங்கில் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்ற இடத்தில், எந்த ஜன்னல் எந்த மானிட்டரில் இருந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது, அதையும் போட்டு வையுங்கள்.

மூன்றாவது ஆள் மழையோடு வந்தார். நம் கன்னியாகுமரி ஜில்லாவுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனில் ஒன்று தொடங்கும், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை. குலசேகரம் பக்கம் ரப்பர் கொம்பு முறிந்து லைனில் விழுந்தால் கரண்ட் போகும், வரும், போகும். லேபில் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது, ஹால் மானிட்டரின் பிளக் மட்டும் ஃபேன், லைட்டோடு சேர்ந்து இன்வெர்ட்டர் லைனில். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கிற அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் மானிட்டர் செத்துப் பிழைக்கும். பிழைத்தால் சரி, சில சமயம் ஆரஞ்சு விளக்கோடு அப்படியே நின்றுவிடும், நாற்காலியைப் போட்டு ஏற வேண்டும். மானிட்டர் பிளக்கையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொன்னேன், எலெக்ட்ரீஷியன் வந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார், தீர்ந்தது. யுபிஎஸ் இல்லாதவர்கள் இன்வெர்ட்டரின் பின்னால் பாருங்கள், பலவற்றில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் போட்டால் மாறுகிற நேரம் குறையும்.

ஒயர் விஷயத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ஹாலுக்கு நீளமாக எச்டிஎம்ஐ இழுக்கிறவர்கள் இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கி, ஃபேன் ரெகுலேட்டர் ஒயரோடு ஒரே பைப்பில் திணித்து, மிச்சத்தைச் சுருட்டி ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போட்டுவிடுகிறார்கள். ட்யூப்லைட் போடும்போது ஒரு விநாடி திரை கறுப்பாகித் திரும்புகிறதென்றால் இந்தப் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும். பத்து மீட்டருக்கு மேல் போவதென்றால் நடுவில் சிக்னலைத் தூக்கிக் கொடுக்கிற ஆக்டிவ் ஒயர்தான் நம்பகம்.

இனி கடற்கரைக்காரர்களுக்கு. ஜிக்லர் வாங்கியதைக் கேள்விப்பட்டு குளச்சலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நண்பர் போன் பண்ணினார், "எனக்கும் மானிட்டர் பவர் சேவிங்ல போகுது மக்கா, அந்தச் சாமான் நமக்கும் கொள்ளாமா?" என்று. கேட்டால், கம்ப்யூட்டரைப் போட்டவுடனேயே போகிறதாம். சிபியு ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் பவர் சேவிங் மோட் என்று எழுத்து வந்து மறைகிறது, விண்டோஸ் படமே வருவதில்லை. இது தூக்கம் இல்லை, கம்ப்யூட்டரே எழுந்திருக்கவில்லை. முட்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் வரை கடலைப் பார்த்த கடைகளில் இது நடக்கிற காரியம்தான், உப்புக் காற்று ராமின் தங்க முலாம் பூசின விளிம்பிலும் ஸ்லாட்டின் ஊசிகளிலும் படிந்து தொடர்பை மங்கடித்துவிடும். விஜிஏ ஒயர் இன்னும் வைத்திருக்கிறவர்கள் அதன் ஊசிகளைப் பார்த்தால் பச்சை பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும். நண்பர் நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார், கடைக்காரர் ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் விளிம்பைத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துத் திரும்ப மாட்டினார், படம் வந்துவிட்டது. வீட்டில் செய்வதென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிற கம்ப்யூட்டரில் ஒயரை மதர்போர்டின் சாக்கெட்டில் செருகி வைத்துவிட்டு நோ சிக்னல் என்று தவிக்கிற ஆட்களும் உண்டு, அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். இங்கெல்லாம் ஜிக்லருக்கு வேலையே இல்லை.

அப்படியானால் முதல் ஆளுக்கு, அதாவது விண்டோஸுக்கு, ஜிக்லர் இல்லாமல் என்ன வழி? செட்டிங்ஸ், சிஸ்டம், பவர், அதில் ஸ்கிரீன் எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்ற இடத்தில் நெவர். முடிந்தது. ஸ்லீப் என்பதையும் நெவர் ஆக்குங்கள், இல்லையென்றால் திரை எரிய, கம்ப்யூட்டர் தூங்கப் போய் அதனால் திரையும் போகும். ஸ்கிரீன் சேவர் தனி இடத்தில் இருக்கிறது, அதையும் பாருங்கள். லாக் ஆன பிறகு ஒரே நிமிடத்தில் திரை போகிறதே என்று கேட்பவர்களுக்கு, அது வேறு கணக்கு, சாதாரணமாகக் கண்ணில் படாத செட்டிங். நெவர் போட்டிருந்தாலும் லாக் திரையை அது கட்டுப்படுத்தாது. சில நேரம் மட்டும் அணையாமல் இருந்தால் போதும் என்றால் மைக்ரோசாஃப்டே இலவசமாகக் கொடுக்கிற பவர்டாய்ஸ் தொகுப்பில் அவேக் என்று ஒன்று இருக்கிறது, கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் காபி கப் படம் வரும். அதில் கீப் ஸ்கிரீன் ஆன் என்பதைத் தனியாக டிக் பண்ண வேண்டும், அதை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் விழித்திருக்கும், திரை அணைந்துவிடும். பலரும் அவேக் வேலை செய்யவில்லை என்று சொல்வது இதனால்தான். மேக் வைத்திருப்பவர்களுக்கு டெர்மினலில் கஃபினேட் என்ற கட்டளை கூடவே வருகிறது.

வீடியோ ஓடினால் திரை அணைவதில்லை, கவனித்திருப்பீர்கள். பிரவுசரோ விஎல்சி வீடியோ பிளேயரோ விண்டோஸிடம் "நான் காட்டிக்கொண்டிருக்கிறேன், அணைக்காதே" என்று கேட்டுக்கொள்கிறது. வெறும் எழுத்து நிற்கிற பக்கம் அப்படிக் கேட்பதில்லை, டோக்கன் பக்கம் அதில்தான் மாட்டுகிறது. உண்மையில் இது டோக்கன் சாஃப்ட்வேர் எழுதினவர் செய்திருக்க வேண்டிய வேலை. வலைப்பக்கமே திரையை அணையாமல் வைத்துக்கொள்ளக் கேட்கிற வசதி குரோமில் 2020-லேயே வந்தாயிற்று, சில வரி எழுதினால் போதும். மாதாமாதம் பணம் வாங்குகிறவர்களிடம் அதைக் கேட்டு வாங்குங்கள், நாம் ஏன் யுஎஸ்பி துண்டு வாங்கிச் செருக வேண்டும்?

ஜிக்லரை லேபிலிருந்து கழற்றச் சொன்னதற்கு இதெல்லாம்கூட முழுக் காரணம் இல்லை. அந்த ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் நோயாளிகளின் ரிப்போர்ட் இருக்கிறது. ஜிக்லர் செருகியிருந்தால் அது தானாக லாக் ஆகவே ஆகாது. அக்கா மதியம் சாப்பிடப் போனால், வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் டெக்னீஷியன் வெளியே போனால், கவுன்ட்டருக்குள் எட்டிப் பார்க்கிற யாருக்கும் யாருடைய எச்ஐவி ரிசல்ட் என்ன, யாருக்குக் கர்ப்பப் பரிசோதனை எழுதியிருக்கிறது என்று திறந்து கிடக்கும். தக்கலை மாதிரி ஊரில் ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியும். டாக்டரிடம் போவதற்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விடும். சரி, அக்கா எழுந்து போகும்போது கையால் லாக் பண்ணட்டும் என்றால், லாக் திரை இரண்டு மானிட்டரையும் மூடிவிடும், டோக்கன் தெரியாது, பாட்டி மறுபடி கவுன்ட்டருக்கு வருவார். திரை அணையக் கூடாத வேலையையும், லாக் ஆகியே தீர வேண்டிய வேலையையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பதுதான் கோளாறு. அத்தானின் பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது, மூடி மூடினாலும் தூங்காதபடி செட்டிங் மாற்றி, திரை நெவர் போட்டு, டோக்கன் பக்கம் மட்டும் திறந்து ஹால் மானிட்டரோடு இணைத்துவிட்டோம். அதில் நோயாளி பெயர் ஒன்றுகூடக் கிடையாது, வெறும் நம்பர். ரிசப்ஷன் கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்தில் லாக் ஆகிறது.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டிலிருந்து ஐடி வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் இதை வேறு காரியத்துக்கு வாங்குகிறார்கள் என்பது தெரியும், கம்பெனி சாட் ஆப்பான டீம்ஸில், ஆள் இருக்கிறார் என்று காட்டும் பச்சை விளக்கு மஞ்சளாகாமல் இருக்க. கம்பெனி லேப்டாப்பில் என்ன யுஎஸ்பி செருகப்பட்டது என்பது ஐடி ஆட்களுக்குத் தெரிய வழி இருக்கிறது, எந்தச் சாஃப்ட்வேரும் போடவில்லையே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். வேலை செய்வதுபோல் கீபோர்டு அசைவைப் போலியாகக் காட்டினார்கள் என்று அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது 2024-ல் செய்தியாகவே வந்தது. ஐந்நூறு ரூபாய் சாமானுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

கரண்ட் எவ்வளவு ஆகும் என்று அத்தான் கேட்டார். இந்தப் பவர் சேவிங் ஏற்பாடே பழைய டப்பா மானிட்டர் காலத்தது, 1992-ல் அமெரிக்காவில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சாதனங்களுக்கு முத்திரை தருகிற எனர்ஜி ஸ்டார் திட்டம் வந்தபோது முதலில் முத்திரை வாங்கியவை கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். மறு வருடமே மானிட்டரைப் படிப்படியாகத் தூங்க வைக்கிற டிபிஎம்எஸ் என்ற முறையை, மானிட்டர் தரங்களை வகுக்கிற வெசா அமைப்பு கொண்டுவந்தது. அந்த டப்பாக்கள் எழுபது எண்பது வாட் இழுக்கும், அணைத்தால் லாபம் நிஜம். இப்போதுள்ள 22 அங்குல எல்இடி மானிட்டர் 20 வாட் வாக்கில்தான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் ஏழு யூனிட் சொச்சம். அதைவிட மானிட்டரின் ஆயுசுதான் யோசிக்க வேண்டியது. பேக்லைட்டுக்கு 30,000 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள், இரவும் பகலும் எரியவிட்டால் மூன்றரை வருடத்துக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். லேப் பூட்டும்போது சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். ஓஎல்இடி திரையில் மட்டும் இப்படி ஒரே நம்பரை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள், தடம் பதிந்துவிடும்.

கழற்றின ஜிக்லர் வீணாகவில்லை. எங்கள் சர்ச்சில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுகிற லேப்டாப் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கிடைத்தது, செட்டிங் எல்லாம் பூட்டு, அதைத் திறக்கிற பாஸ்வேர்டு தெரிந்த வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். பாட்டு பிடிஎஃப்பில் இருப்பதால் அது திரையைப் பிடித்து வைக்காது. பிரசங்கம் அரை மணி நேரம் தாண்டினால் திரை தூங்கிவிடும், கேட்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, திரையைச் சொல்கிறேன். பிரசங்கம் முடிந்து போதகர் அய்யர் பாட்டு நம்பர் சொல்லும்போது பையன் அவசரமாக லாகின் பாஸ்வேர்டு தட்டிக்கொண்டிருப்பான், குயர் முதல் சரணத்தைப் பாடி முடித்திருக்கும். அங்கே இந்தச் சாமான் கனகச்சிதமாக வேலை செய்கிறது. ரிப்போர்ட் கிடையாது, ரகசியம் கிடையாது, கட்டம் பார்த்து டிக் அடிக்கிற வேலையும் கிடையாது. நான் கொடுத்த இரண்டரையும் இந்த இடத்துக்குத்தான்.

வாங்குவதென்றே முடிவு செய்தால், ஆன் ஆஃப் சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள், இதில் அது இல்லாததால் பிடுங்கிச் செருக வேண்டியிருக்கிறது. கடைசியாக வைத்த மோடை ஞாபகம் வைத்துக்கொள்ளுமா என்று விவரத்தில் தேடுங்கள். பெயர் தெரியாத யுஎஸ்பி என்பதால் பேங்க் வேலை செய்கிற கம்ப்யூட்டரில் மட்டும் வேண்டவே வேண்டாம், மவுஸ் என்று சொல்லிக்கொண்டு கீபோர்டாகவும் நடந்துகொள்கிற துண்டுகளைச் செய்ய முடியும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திருப்பி அனுப்புகிற வசதி இருக்கிற இடத்தில் வாங்குங்கள், செருகினதும் ஒரு புள்ளி மோடில் வைத்து, திரை எத்தனை நிமிடத்தில் அணைகிறதோ அதைவிட ஐந்து நிமிடம் கூடுதலாகத் தொடாமல் விட்டுப் பாருங்கள். அதிலும் அணைந்தால் சாமானைத் திட்டுவதற்கு முன்னால் மானிட்டர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.